பிசான அறுப்புக்கு முன்பே உளுந்து விதையைத் தேடுங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை பிசான நெல் தலை சாய்ந்து நிற்கிறது. அறுப்பு வண்டிக்கு நாள் கேட்டு அலைகிற இந்த மாசியிலேயே உளுந்துக்கும் வழி பார்த்துவிட வேண்டும். நெல் தரிசு உளுந்துக்குத் தனியாகத் தண்ணீர் கிடையாது. நெல்லுக்குக் கட்டியதில் மிச்சமான ஈரமும் விடிகாலைப் பனியும்தான் அதன் பங்கு. அறுப்புக்கு 5 முதல் 10 நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 12 கிலோ தூவுங்கள். மிதித்தால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது.

எந்த விதை என்பதில்தான் இந்த வருடம் யோசிக்கச் சொல்கிறேன். 1981இல் வந்த ஆடுதுறை 3 தரிசுக்கென்றே வந்த ரகம். நெல் தாளுக்கு அடியிலும் முளைத்து ஏறும். ஆனால் மஞ்சள் தேமலுக்கு முன் அது நிற்பதில்லை. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் இது. முதல் இருபது நாளுக்குள் விழுந்தால் செடி இருக்கும், காய் இருக்காது. அதனால் தரிசுக்கு ஆடுதுறை 6, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலிருந்து 2017இல் வந்த கே.கே.எம். 1 ஆகியவற்றைக் கேளுங்கள். அறுத்து உழுது, ஒன்றிரண்டு தண்ணீர் பாய்ச்ச முடிகிறவர்களுக்கு வம்பன் 8 நல்லது. அதற்கு ஏக்கருக்கு 8 கிலோ போதும். பாசனத்தை நம்புகிறவர்கள் மார்ச் முடிவில் வழக்கமாகக் கால்வாய் அடைபடுவதைக் கணக்கில் வையுங்கள்.

இவை தேமலைத் தாங்கும் ரகங்கள்தானே தவிர, தேமலே வராத ரகங்கள் அல்ல. மஞ்சளடித்த செடியைக் கண்டதும் பிடுங்கிப் புதையுங்கள். ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் ஈ வரத்து தெரிந்துவிடும். கடையில் 'வம்பன்' என்று வாய்வார்த்தையாகச் சொல்லும் கலப்பு விதையை வாங்காதீர்கள். சான்று விதைச் சாக்கில் நீல அட்டை இருக்கும். அதை அறுவடை முடியும்வரை பத்திரமாக வையுங்கள். அட்டை இல்லாவிட்டால் எந்தப் புகாரும் நிற்காது. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தித் தூவுங்கள்.

அறுப்பு வண்டியால் வரும் சேதம் பெரிது. ஈர வயலில் டயர் வண்டி இறங்கினால் முளைத்த உளுந்தும் போகும், மண்ணும் இறுகும். செயின் வண்டியாகப் பார்த்துப் பிடியுங்கள். வைக்கோலைக் குவியலாகக் கிடக்க விடாதீர்கள். அதன் அடியில் கன்று வெளுத்துச் சாகும்.

பூக்கும்போது ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோ. முந்தின இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி, மாலையில் அடிக்க வேண்டும்.

பாசிப்பயறு போடுகிறவர்கள் கோ 8 கேட்கிறார்கள். காய் ஒன்றாக முற்றுவதால் ஒரே அறுப்பில் வேலை முடிகிறது. இரண்டு மூன்று தடவை காய் பறிக்கப் போய்க் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்த நாட்கள் இல்லாமல் போகின்றன; விதை விலையில் இது தெரிவதில்லை. இன்னொன்று, ஒன்றாக முற்றிய காய் ஒரே கோடை மழையில் ஒன்றாகவே முளைத்தும் போகும். இரண்டு வயல் இருந்தால் ஒரு வாரம் இடைவெளி விட்டு விதையுங்கள்.

உளுந்து பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. ஒருமுறை நல்ல விதை வாங்கினால் இரண்டு மூன்று வருடம் சொந்த விதையே ஓடும். தேமல் படாத மூலையை இப்போதே குறித்து, அதைத் தனியாக அடித்து, பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையுமளவு காயவைத்து, வண்டு விழாமல் சாம்பல் கலந்து கட்டுங்கள். உளுந்தம்பருப்புச் சோற்றுக்கும் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. களத்துக்கு வியாபாரி சாக்கோடு வந்துவிடுவார். அடுத்த மாசிக்கான விதை வீட்டுக்குள் போன பிறகு தராசைத் தூக்கச் சொல்லுங்கள்.