கார் இன்சூரன்ஸ் பிரீமியம் குறைஞ்சிருக்கா? எங்கே குறைஞ்சதுன்னு முதல்ல பாருங்க

ரினியூவல் தேதி நெருங்கினதும் ஏஜென்ட் ஒரு விலை சொல்வார், ஆன்லைன்ல இன்னொரு விலை இருக்கும். எது கம்மியோ அதைக் கட்டிட்டு, "ஆயிரம் ரூபாய் மிச்சம்"னு நாமளும் சந்தோஷப்படுவோம். அது நிஜமாவே மிச்சமா, இல்ல உங்க பாதுகாப்புல இருந்து வெட்டி எடுத்ததா? இந்த வித்தியாசம் தெரிஞ்சா போதும், பாலிசி வாங்குறதுல யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

பிரீமியத்துல ரெண்டு பகுதி

முதல் பகுதி, தேர்ட் பார்ட்டி. உங்க காரால அடுத்தவருக்கு ஏற்படுற பாதிப்புக்கானது. சட்டப்படி கட்டாயம். இதோட விலையை அரசே நிர்ணயிக்குது. 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி, 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதுக்கு மேல 7,897 ரூபாய். எந்த கம்பெனியில வாங்கினாலும் இதேதான். இங்கே பேரம் கிடையாது.

இரண்டாவது, ஓன் டேமேஜ். உங்க காருக்கு ஆகுற சேதம், திருட்டு இதுக்கெல்லாம். இதை ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குப்படி வைக்குது. காரோட மாடல், வயசு, இன்ஜின் அளவு, பதிவான ஊர் எல்லாம் இதுல வரும். சென்னை, பெங்களூரு, மும்பை மாதிரி 8 பெருநகரங்கள் 'ஏ' மண்டலம், மத்த ஊர்கள் 'பி' மண்டலம். 'ஏ'ல ரேட் கொஞ்சம் கூடுதல். மொத்தத்துக்கும் மேல 18% ஜிஎஸ்டி.

ஐடிவி: இங்கேதான் பலரும் ஏமாறுறோம்

கார் திருடு போனாலோ, சரிசெய்யவே முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ கிடைக்கிற அதிகபட்சத் தொகைதான் ஐடிவி. கார் 3 வருஷம் தாண்டினா விலையில 40% கழியும், 4 தாண்டினா 50%.

ஒரு உதாரணம் பார்ப்போம். 8 லட்ச ரூபாய் கார், 1200 சிசி, 3 வருஷம் முடிஞ்சிருக்கு. ஐடிவி 4.8 லட்சம். கணக்குக்காக ஓன் டேமேஜ் ரேட்டை 2%னு வைப்போம். 9,600 ரூபாய். மூணு வருஷமும் கிளைம் பண்ணலைன்னா 35% தள்ளுபடி போக 6,240 ரூபாய்.

இப்ப இன்னொரு கோட்டேஷன்ல ஐடிவியை 4 லட்சமா குறைச்சிருக்காங்க. ஓன் டேமேஜ் 5,200 ஆயிடும். ஜிஎஸ்டியும் சேர்த்தா உங்களுக்கு மிச்சம் சுமார் 1,227 ரூபாய். ஆனா கார் திருடு போனா 80,000 ரூபாய் குறைவா கிடைக்கும். இது தள்ளுபடியே இல்லை. அதனால ரெண்டு கோட்டேஷனை ஒப்பிடும்போது ஐடிவியை ஒரே அளவுல வச்சுட்டுதான் விலையைப் பார்க்கணும்.

நோ கிளைம் போனஸ்: இது உங்க சொத்து

கிளைம் பண்ணாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50%னு தள்ளுபடி ஏறிட்டே போகும். ஓன் டேமேஜுக்கு மட்டும்தான் இது. ஒரு கிளைம் பண்ணிட்டா மறுபடி பூஜ்யம்.

அதே கார்ல நாலாவது வருஷம் பம்பர் உரசிடுச்சு, பில் 4,500 ரூபாய்னு வைங்க. கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக, ஜீரோ டெப் இருந்தாலும் அதிகபட்சம் 3,500 கிடைக்கும். ஆனா அடுத்த ரினியூவல்ல ஐடிவி 4 லட்சம், ஓன் டேமேஜ் 8,000. அதுல வரவேண்டிய 45% தள்ளுபடி, அதாவது 3,600 ரூபாய் போச்சு. ஜிஎஸ்டியோட 4,248. முதல் வருஷமே நஷ்டம்! அதுக்கு அடுத்த வருஷமும் 50% இருக்கவேண்டிய இடத்துல 20%தான் இருக்கும். சின்ன கீறலை கைக்காசுல சரிபண்ணுங்க, கிளைமை பெரிய அடிக்கு வச்சுக்கோங்க.

இன்னும் ரெண்டு விஷயம். போனஸ் காருக்கு இல்லை, உங்களுக்கு. பழைய காரை வித்துட்டு புதுசு வாங்கினா அதை மாத்திக்கலாம். ஆனா பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள ரினியூ பண்ணலைன்னா மொத்தமும் போயிடும்.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

15 லட்ச ரூபாய்க்கு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி ஏற்கனவே தனியா இருந்தா, கார் பாலிசியோட இன்னொண்ணு வாங்கத் தேவையில்லை. கையில எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தா, வாலண்டரி டிடக்டிபிள் எடுத்தும் பிரீமியத்தைக் குறைக்கலாம். அடிபட்டா முதல் சில ஆயிரங்கள் உங்க பொறுப்புன்னு தெரிஞ்சே எடுக்கிற முடிவு அது.

ஆனா சென்னை மாதிரி தண்ணி தேங்குற ஊர்ல இருந்தா இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனை வெட்டாதீங்க. தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா, சாதாரண பாலிசியில பெரும்பாலும் பணம் வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தை சென்னைக்காரங்க மறந்திருக்க மாட்டாங்க. ஆட்-ஆன் இருந்தாலும் சரி, அந்த நேரத்துல சாவியைத் திருகாம டோ பண்ணி எடுத்துட்டுப் போறதுதான் நல்லது.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க பாலிசியைத் திறந்து ஐடிவி எவ்வளவு, போனஸ் எத்தனை சதவீதம், முடியுற தேதி என்ன, இந்த மூணையும் மொபைல்ல குறிச்சு வைங்க. முடியுற தேதிக்கு 20 நாள் முன்னாடி ஒரு ரிமைண்டரும் போட்டுடுங்க. அடுத்த தடவை யாராவது "சார், 1,500 கம்மி பண்ணித் தர்றேன்"னு சொன்னா, "எதுல கம்மி பண்றீங்க?"ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்வி போதும்.