முந்திரிகைப் பந்தலின் கீழே ஒரு பிடி மண்

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் முந்திரிகைப் பந்தலுக்குள் குனிந்து நுழைகிறவர் முதலில் பார்ப்பது குலையை. நுண்ணுயிரியல் படிக்கிற மாணவர் பார்க்க வேண்டியது தூணை. போர்டோ கலவை அடிக்கிற பந்தலென்றால் தூணிலும் தண்டிலும் வெளிறிய நீலம் ஒட்டியிருக்கும். நூறு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (செப்பு சல்பேற்று), ஒரு கிலோ சுண்ணாம்பு: இதுதான் வழக்கமான ஒரு வீதக் கலவை. மயில்துத்தத்தில் கால்வாசி செம்பு. அப்படியானால் நூறு லீற்றர் அடித்து முடிக்கும்போது 250 கிராம் செம்பு தோட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அது ஆவியாவதுமில்லை, சிதைவதுமில்லை. இலையிலிருந்து கழுவுண்டு செம்மண்ணில் தங்கிவிடுகிறது.

பிரான்சின் போர்டோ பகுதியில் வழியோரக் கொடிகளில் திருட்டுக்குப் பயந்து பூசிய இந்த நீலம் பூஞ்சணத்தையும் தடுப்பதைக் கண்டு, 1885 இல் தாவரவியலாளர் மில்லார்டே அதை மருந்தாக அறிவித்தார். பூஞ்சணத்தைக் கொல்வது பற்றீரியாவையும் வருத்தும். செம்பைத் தாங்கத் தெரிந்தவை மட்டும் அங்கே பெருகும். கேள்வி இங்கேதான் பிறக்கிறது: செம்பைத் தாங்கப் பழகிய பற்றீரியாக்கள் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளையும் தாங்குகின்றனவா?

வெற்றுக் கற்பனை அல்ல இது. டென்மார்க்கில் பன்றித் தீனியோடு செப்பு சல்பேற்றுக் கொடுத்துவந்தார்கள். அந்தப் பன்றிகளின் குடற் பற்றீரியாக்களில் செம்பைத் தாங்கவைக்கும் மரபணுவும் மருந்தெதிர்ப்பு மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் இருப்பதை 2002 ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் காட்டினார்கள். ஒன்றுக்காகத் தேர்வானது மற்றதையும் சேர்த்துச் சுமக்கிறது. வேறு சில பற்றீரியாக்கள் உலோகத்தையும் மருந்தையும் ஒரே பம்பினால் வெளியே தள்ளிவிடும்.

திருநெல்வேலியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலிருந்து சைக்கிள் தூரத்தில் தோட்டங்கள் தொடங்குகின்றன. இறுதியாண்டு மாணவர் ஒருவர் சில மாதங்களில், விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, இந்தக் கேள்வியைத் தொட்டுப்பார்க்கலாம். அதற்கான வழி இது.

படி 1: கேள்வியைச் சுருக்குதல்

“யாழ்ப்பாண மண்ணில் மருந்தெதிர்ப்புப் பற்றீரியா உண்டா?” என்று கேட்டால் விடை ஏற்கெனவே தெரியும்: உண்டு. ஸ்ரெப்ரோமைசின் 1943 இல் மண் நுண்ணுயிரியிலிருந்துதான் கிடைத்தது. மருந்தைச் செய்கிற உயிர்கள் வாழும் இடத்தில் அதைத் தாங்குகிற உயிர்களும் வாழும். கனடாவில் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணிலேயே எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததாக 2011 இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே கேள்வி இப்படி அமைய வேண்டும்: “பல வருடம் செம்பு அடித்த தறையில், அடிக்காத தறையைவிட மருந்தெதிர்ப்புப் பற்றீரியா கூடவா?” ஒப்பிடுவதற்கு அதே செம்மண்ணில் உழாமல் கிடக்கிற வடலிக் காணி பொருத்தம். மண்வகை மாறினால் ஒப்பீடு கெட்டது. செம்மண் முந்திரிகைத் தோட்டத்தை வடமராட்சி மணலோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

படி 2: காணிக்காரருடன் பேசுதல்

மண்வெட்டிக்கு முன் குறிப்புப் புத்தகம். “ஐயா, கடைசியாய் எப்ப மருந்தடிச்சனீங்கள்? எருப் போடுறனீங்களோ, எங்க வாங்கினது?” இந்த இரண்டு கேள்வியும் ஆய்வைக் காப்பாற்றும். கோழிப் பண்ணை எரு போட்ட தறையென்றால், கோழிக்குக் கொடுத்த மருந்தும் தீனியிலிருந்த நாகமும் செம்பும் எருவோடு வந்திருக்கலாம். அப்போது எது காரணம் என்று பிரிக்க முடியாது. அப்படியான தோட்டத்தை விட்டுவிட வேண்டும், அல்லது அதையே மூன்றாவது குழுவாக வைக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்காகப் பாழ்நிலம் தேடி அலைகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றினார்கள். ஆட்கள் நடமாடுகிற, உரிமையாளர் தெரிந்த காணியில் மட்டுமே மண் கிண்ட வேண்டும்.

படி 3: மண் எடுத்தல்

ஒவ்வொரு காணியிலும் குறுக்கும் மறுக்குமாக ஐந்து இடம். மேல் சருகை விலக்கி 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை எடுக்க வேண்டும். கரண்டியை ஒவ்வோர் இடத்துக்கும் மதுசாரத்தால் துடைக்க வேண்டும். ஐந்தையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனிப் பொலித்தீன் பையில் இட்டு, இடமும் நேரமும் எழுதி, ஐஸ் வைத்த ரெஜிபோம் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். ஐஸ் மண்ணைத் தொடக்கூடாது. 24 மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்கினால் நல்லது. ஒரு பங்கு மண்ணைக் காயவைத்து, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, பீஎச்சும் செம்பின் அளவும் பார்க்க ஒதுக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் மண்ணில் செம்பு இறுகப் பிடிபட்டிருக்கும். மொத்தச் செம்பு கூடியிருந்தாலும் பற்றீரியாவைத் தொடுவது அதில் ஒரு பகுதிதான்.

படி 4: ஐதாக்கி எண்ணுதல்

10 கிராம் மண், 90 மில்லிலீற்றர் கிருமியழித்த 0.85 வீத உப்புக் கரைசல். நன்றாகக் குலுக்கி, அதிலிருந்து பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, 0.1 மில்லிலீற்றரைப் போசணை ஏகாரில் பரவ வேண்டும். 28 முதல் 30 பாகை செல்சியஸில் இரண்டு நாள். 30 முதல் 300 வரை குடியிருப்புகள் உள்ள தட்டே எண்ணத் தக்கது. இலட்சம் மடங்கு ஐதாக்கிய தட்டில் 84 இருந்தால், ஒரு கிராம் மண்ணில் 84 × 10 × 1,00,000, அதாவது 8.4 கோடி. பூஞ்சணம் தட்டை மூடினால் சைக்கிளோஹெக்சிமைட் சேர்க்கலாம். அது நஞ்சு, கையுறை கட்டாயம்.

படி 5: செம்புத் தட்டு

பெரும்பாலான மாணவர் தவறுவது இங்கே. செம்பு சேர்த்த தட்டில் முளைத்தவற்றை மட்டும் எடுத்து மருந்துக்குச் சோதித்துவிட்டு, “செம்பைத் தாங்குபவை மருந்தையும் தாங்குகின்றன” என்று எழுதிவிடுகிறார்கள். செம்பைத் தாங்காதவை எப்படி இருந்தன என்று பார்த்தவர் யார்?

செம்பில்லாத தட்டிலிருந்தே எடுக்க வேண்டும். வேறு வேறு மண் மாதிரிகளிலிருந்து, நிறத்திலும் விளிம்பிலும் வேறுபட்ட 80 குடியிருப்புகள். கிருமியழித்த பல்லுக்குச்சியால் ஒவ்வொன்றையும் தொட்டு, கட்டம் கீறிய தாளின் மேல் வைத்த தட்டுகளில் ஒரே இடத்தில் குத்த வேண்டும்: முதலில் 0.5, 1, 2, 4 மில்லிமோலார் செம்புத் தட்டுகள், கடைசியில் செம்பில்லாத தட்டு. கடைசித் தட்டிலும் முளைத்தால்தான் குச்சியில் உயிர் இருந்தது உறுதி.

ஒரு லீற்றர் ஊடகத்துக்கு 250 மில்லிகிராம் மயில்துத்தம் என்றால் 1 மில்லிமோலார். ஆய்வுகூடத் தரமான உப்பைக் கரைத்து, 0.22 மைக்ரோமீற்றர் வடியால் வடித்து, ஏகார் 50 பாகைக்கு ஆறிய பின் சேர்க்க வேண்டும். செம்பு பீஎச்சைக் கீழே இழுக்கும், ஆகவே சரிபார்க்க வேண்டும். போசணை ஏகாரின் பெப்ரோன் செம்பைப் பிடித்துவைக்கும் என்பதால், வேறு ஊடகத்தில் செய்த ஆய்வின் எண்ணோடு இந்த எண்ணை ஒப்பிடக்கூடாது.

படி 6: மருந்து வில்லை

0.5 மக்ஃபார்லண்ட் கலங்கலுக்குச் சரிசெய்த பற்றீரியாவை, 4 மில்லிமீற்றர் தடிப்பான முல்லர்–ஹின்ரன் ஏகாரில் பஞ்சுக் குச்சியால் மூன்று திசையில் பூசி, ரெட்ராசைக்கிளின், ஜென்ராமைசின், சிப்ரோபுளொக்சசின் போன்ற வில்லைகளை வைக்க வேண்டும். மறுநாள் வில்லையைச் சுற்றிய தெளிந்த வட்டத்தை அடிமட்டத்தால் அளக்கலாம். ஒவ்வொரு தொகுதியோடும் ஈகோலை ஏரீசீசீ 25922 வகையையும் 35 பாகையில் ஓட்ட வேண்டும். அதில் 30 மைக்ரோகிராம் ரெட்ராசைக்கிளின் வட்டம் 18 முதல் 25 மில்லிமீற்றருக்குள் நில்லாவிட்டால், அன்றைய அளவு முழுவதையும் தள்ளிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரி அட்டவணையிலுள்ள எல்லை எண்கள் நோயாளியிடமிருந்து எடுத்த கிருமிகளுக்கானவை. 30 பாகையில் மெதுவாக வளரும் மண் பற்றீரியாவுக்கு அவை நேரே பொருந்தா. வட்டத்தின் அளவையே எழுதி, செம்பைத் தாங்கும், தாங்காத இரு குழுக்களையும் தமக்குள் ஒப்பிடுவது நேர்மையான வழி.

படி 7: கணக்கு

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. செம்பைத் தாங்கும் 40 இல் 22 க்கும், தாங்காத 40 இல் 9 க்கும் ரெட்ராசைக்கிளின் வட்டம் சிறுத்திருந்தது என்று வைப்போம். கை வர்க்கச் சோதனை 8.9 என்று வரும், எல்லை 3.84. தொடர்பு இருக்கிறது என்று எழுதலாம். காரணம் செம்புதான் என்று எழுத முடியாது. சூடோமோனஸ் போன்றவை இயல்பிலேயே பலவற்றைத் தாங்கும். தாங்கும் குழுவில் அவை மட்டும் நிறைந்திருந்தால் எண் வேறு கதை சொல்கிறது.

இதைச் சரிபார்க்கச் செலவில்லாத வழி உண்டு. வழுக்கியில் ஒரு துளி 3 வீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விட்டு, குடியிருப்பைக் குழைத்துத் தூக்க வேண்டும். பனம்பாணி போல நூலாக இழுபட்டால் கிராம் எதிர். கிராம் எதிரானவற்றைக் கிராம் எதிரானவற்றோடு மட்டும் ஒப்பிட்டபின்னும் வித்தியாசம் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கிடைத்தால் 16எஸ் மரபணு வரிசை பார்க்கலாம். கிடைக்காவிட்டாலும் ஆய்வு நிற்கும்.

படி 8: கழிவும் கடனும்

தட்டு எதுவும் அப்படியே குப்பைக்குப் போகக்கூடாது. 121 பாகையில் ஓட்டோகிளேவ் செய்து கிருமியைக் கொன்றபின், செம்புத் தட்டுகளைத் தனியாக இரசாயனக் கழிவில் சேர்க்க வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் ஓட்டம் மறுபடி தொடக்கத்திலிருந்து.

அறிக்கை கட்டிய பிறகும் ஒரு பயணம் பாக்கி. மண் தந்தவரிடம் போய், அவருடைய தறையில் செம்பு எவ்வளவு, வடலிக் காணியில் எவ்வளவு என்ற இரண்டு எண்ணையாவது ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த போகத்துக்கு எத்தனை தரம் நீல மருந்து அடிப்பது என்று முடிவெடுக்கப் போகிறவர் அவர்.