கார்டு ரீடரை முன்னிட்டு ஒரு கடிதம்



மகளே, நம் திருவனந்தபுரத்து ஆற்றுகால் பொங்காலையைப் பற்றிய உன் படத்தொகுப்பைப் பத்திரிகையில் பார்த்தேன். ஒளியைப் பற்றியோ சட்டகத்தைப் பற்றியோ உனக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியது ஒன்றுமில்லை. அவை உனக்குக் கைவந்திருக்கின்றன என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி. நான் எழுத உட்கார்ந்தது முழுக்க முழுக்க ஆறாம் பக்கத்துப் படத்தினால்தான். கிழக்கே கோட்டைப் பக்கம் நடுவெயிலில் அடுப்பின் முன் குனிந்திருக்கும் மூதாட்டியின் முகம் வரையில் அந்தப் படம் பழுதில்லாமல் இருக்கிறது. மோவாய்க்குக் கீழே எல்லாம் இளஞ்சிவப்பேறி, ஒரு பக்கமாக நகர்ந்து, பானையும் புகையும் பட்டை பட்டையாய்ச் சிதறி, இறுதியில் வெறும் சாம்பல் நிறமாக முடிகிறது. அதைக் குப்பையில் போடாமல், ‘நினைவு சிதையும் இடம்’ என்று தலைப்பும் கொடுத்து, முழுப் பக்கத்தில் பிரசுரிக்கச் சம்மதித்திருக்கிறாய். விமரிசகர் ஒருவர் அதை மெச்சவும் மெச்சிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அந்தச் சிதைவுக்குக் கர்த்தா நீ அல்ல; தரமற்ற ஒரு கார்டு ரீடர்.

கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது படம் முழுதாக இருந்தது என்றும், ரீடர் சூடேறி இருமுறை இணைப்பு அறுந்தது என்றும், மூன்றாம் முறை எல்லாவற்றையும் ‘கட்’ செய்து கம்ப்யூட்டரில் ‘பேஸ்ட்’ செய்தாய் என்றும் தொகுப்பின் இறுதிக் குறிப்பில் நீயே எழுதியிருக்கிறாய். நடந்தது இன்னதென்று ஊகிக்க இதற்குமேல் என்ன வேண்டும்? ஜேபெக் முறையில் ஒரு படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி நிறத்தையும், அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து அது எவ்வளவு மாறுபடுகிறது என்ற கணக்காகவே எழுதிவைக்கிறார்கள். ஆற்றுகால் கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறிக் கிழக்கே கோட்டையையும் தம்பானூரையும் எட்டுவதைப் போல, ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் சில பைட்டுகள் பிசகினால், அதற்கப்பால் வரும் நிறமெல்லாம் பிசகிவிடும். நல்ல ரீடர் இத்தகைய பிழையைக் கண்டுபிடித்துத் திரும்பப் படிக்கும், அல்லது படிக்க முடியவில்லை என்று நேர்மையாகச் சொல்லும். மோசமான ரீடர் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிட்டு மௌனமாக இருக்கும்.

ரீடரையாவது மன்னிக்கலாம், ‘கட்’ செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1900-ஆம் ஆண்டையொட்டி சக்கரியாஸ் டி குரூஸ் திருவிதாங்கூர்க் காட்சிகளைப் படமெடுத்து ஆல்பமாகக் கோத்த ஊர் இது. ‘செம்மீன்’ படத்துக்கு ஸ்டில் எடுத்த சிவன் 1959-இல் தம் ஸ்டூடியோவைத் திறந்த ஊரும் இதுவே. அந்தப் பரம்பரையில் நெகட்டிவைக் கைவிட்டவர் என்று எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் ஃபிலிம் சுருளோடு அலைந்த காலத்தில், பத்திரிகை ஆபீஸ்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பிரிண்டைத்தான் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவோம். நெகட்டிவ் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், இந்த ஊர் மழைக்காலத்துப் பூஞ்சைக்கு எட்டாதபடி, பத்திரமாக இருக்கும். கார்டில் இருப்பது உன் நெகட்டிவ். காப்பி இரண்டு இடங்களில் சேர்ந்து, இரண்டையும் திறந்து கண்ணால் பார்க்கும் வரையில் அதைத் தொடுவதற்கு உனக்கே உரிமையில்லை. காலி செய்வதையும் கம்ப்யூட்டரில் செய்யாதே. கேமராவிலேயே ஃபார்மட் செய்.

இதற்கு ஒரு சுலபமான காவல் இருக்கிறது. உன் தலைமுறையில் ஒருவராவது அதை உபயோகித்து நான் பார்த்ததில்லை. எஸ்.டி. கார்டின் இடப்பக்க விளிம்பில், நகத்தால் தள்ளக்கூடிய அந்தச் சின்ன ‘லாக்’ இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. கேமராவிலிருந்து கார்டை எடுத்ததும் அதைக் கீழே தள்ளிவிட்டு ரீடரில் செருகினால், கம்ப்யூட்டர் அந்தக் கார்டிலிருந்து படிக்கலாமே ஒழிய, எழுதவோ அழிக்கவோ முடியாது. ‘கட்’ என்னும் துர்ப்பழக்கம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு: அந்த லாக் கார்டுக்குள் இருக்கும் மின்சுற்று எதனோடும் சம்பந்தப்பட்டதல்ல. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ரீடர்தான் தொட்டுணர்ந்து, கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டும். இதை மதிக்காத மட்டமான ரீடர்கள் அநேகம். ஆகவே ரீடர் வாங்கப் போகும்போது பழைய கார்டு ஒன்றை லாக் செய்து எடுத்துப்போ. கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே அதைச் செருகி, புது ஃபோல்டர் ஒன்று உண்டாக்கிப் பார். உண்டானால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு. வேகம், வடிவம், வர்ணம் எல்லாம் அதற்குப் பிறகு.

வேகத்தைப் பற்றி உனக்கே தெரிந்திருக்கும். ஆயினும் கார்டின் முகத்தில் அச்சிட்ட எண்ணை நம்பி நீ ஏமாந்திருப்பாய் என்று சந்தேகப்படுகிறேன். யு.எச்.எஸ்.-1 வகைக் கார்டுக்கு விதிப்படி உச்சம் விநாடிக்கு 104 மெகாபைட். அதற்கு மேல் 170 என்று போட்டிருந்தால், அது கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட ஏற்பாடு. அதற்கு ஏற்ற ரீடர் இருந்தாலன்றி அந்த வேகம் கைகூடாது. கார்டின் முதுகில் இரண்டாம் வரிசைத் தொடுமுனைகள் இருந்தால் அது யு.எச்.எஸ்.-2, அதைச் சாதாரண ரீடரில் போட்டால் பழைய வேகத்துக்கே இறங்கிவிடும். யுஎஸ்பி 2.0 ரீடர் எனில் 35 மெகாபைட் கிடைத்தாலே பெரிது; 64 ஜிகாபைட் கார்டு நிரம்பியிருந்தால் அரை மணி காத்திருக்கவேண்டும். 3.0 ரீடரில் அதே வேலை பன்னிரண்டு நிமிஷத்தில் முடியும். பிளக்கின் உட்புறம் நீலமாக இருந்தால் போதாது. முன்வரிசை நான்கு தொடுமுனைகளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து இருக்கிறதா என்று எட்டிப் பார். டைப்-சி ரீடராயின் அதோடு வந்த ஒயரையே உபயோகி. போன் சார்ஜ் செய்கிற ஒயர்களில் பல, தரவை யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு மேல் கடத்துவதில்லை.

பல வாய் வைத்த ரீடர் எனக்குப் பிடிக்காது. ஒரு காலத்தில் அது அவசியமாக இருந்தது என்பதை மறுக்கவில்லை: ஸ்மார்ட்மீடியா, மெமரி ஸ்டிக், எக்ஸ்-டி, காம்பாக்ட் ஃபிளாஷ் என்று கம்பெனிக்கொரு கார்டாக வந்துகொண்டிருந்த நாட்களில், கல்யாண வீட்டில் எந்த வகைக் கார்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. காம்பாக்ட் ஃபிளாஷுக்கு ரீடரில் ஐம்பது ஊசிகள். கார்டைச் சற்றுக் கோணலாகச் செருகினால் ஒன்று வளையும், பிறகு அன்றைய பிழைப்பு போயிற்று. ஊசிமுனையால் அதை நிமிர்த்தித் தரும் ஒரு ரேடியோ மெக்கானிக் சாலைக் கடைத்தெருவில் இருந்தார், ஆ. மாதவன் கதைகளிலிருந்து இறங்கி வந்தவர் போன்ற ஆசாமி. காசு கேட்கமாட்டார், பழைய மலையாளப் பாட்டு ஒன்றை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பார். உனக்கோ இருப்பது ஒரே வகைக் கார்டு. ஒரே வாயுள்ள, உலோகக் கூடுள்ள ரீடர் ஒன்று வாங்கினால் போதும். உலோகம் சூட்டை வெளியேற்றும். மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டு, அடாப்டரை ரீடரில் போடும் வழக்கத்தையும் விடு. சங்குமுகத்து உப்புக்காற்றில் ஒவ்வொரு கூடுதல் தொடுமுனையும் கூடுதல் தொல்லை.

ரீடரைக் குற்றம் சொல்லக்கூடாத ஒரு சந்தர்ப்பமும் உண்டு. உன் பழைய லேப்டாப்பில் 64 ஜிகாபைட் கார்டு திறக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பிறந்த இந்த நகரத்தில், லினக்ஸிலேயே பாடம் படித்து வளர்ந்த பிள்ளை நீ; உன் லேப்டாப்பிலும் லினக்ஸ்தான் இருக்கும். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட எஸ்.டி. கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்னும் ஒழுங்கில் எழுதப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் அதன் விவரணத்தை வெளியிட்டது 2019-இல்தான். லினக்ஸ் கெர்னலில் அது சேர்ந்ததும் அவ்வாண்டிறுதியில் வந்த 5.4-ஆம் பதிப்பில். அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் லேப்டாப்பில் தனியாக ஒரு மென்பொருளைச் சேர்த்தால் கார்டு திறக்கும்.

அந்த மூதாட்டியின் படம் எடுத்த கார்டை அதன்பின் நீ கேமராவில் போடாமல் வைத்திருந்தாயானால், இன்றே லாக் செய்து எடுத்துக்கொண்டு வா. அழித்த கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரையில், பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருள் அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும். என்னிடம் நல்ல ரீடர் இருக்கிறது.

கடைசிப் பக்கத்துப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொங்காலை முடிந்த மாலையில், இன்னும் சூடு ஆறாத செங்கற்களை, ஏழைகளின் வீட்டுக்கென்று கார்ப்பரேஷன் ஊழியர்கள் லாரியில் அடுக்கும் காட்சி. லட்சோப லட்சம் பேர் கூடிய கூட்டத்தைப் படமெடுக்க இத்தனை கேமராக்கள் முண்டியடிக்கும் ஊரில், கூட்டம் கலைந்த பின் நின்று பார்க்கும் பொறுமை உனக்கு எப்படி வாய்த்தது? இந்த ஊரில் பொங்காலையைப் படமெடுத்தவர்களில், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒருவரும் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. அதைப் போய்க் கால் பக்கத்தில் அமுக்கியிருக்கிறார்கள். அந்த ஆசிரியரின் முகவரியைக் கார்டோடு எடுத்து வா, அவருக்கும் ஒரு கடிதம் எழுதவேண்டியிருக்கிறது.