படிமத்தின் முதுகையும் பார்

அன்புள்ள தமிழினிக்கு,

வேதியியலில் பட்டம் முடித்த கையோடு கலை வரலாற்றில் முதுகலை சேர வேண்டும், பிறகு அருங்காட்சியக வேலைக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சிலையைப் படித்தால் சோறு கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான், அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் நீயே உன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: அருங்காட்சியகம் என்பது அடிப்படையில் என்ன வேலை செய்யும் இடம்? கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் நுழைவுச்சீட்டும் வெளியே தெரிபவை. உள்ளே, அதன் உயிர் பதிவேட்டில் இருக்கிறது. இந்தப் பொருள் என்ன, எதனால் ஆனது, எத்தனை உயரம், எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் காலத்தது, அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு சரியாக இருந்தால் பொருளின் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டை சரியாக இருக்கும். பொருள் காணாமல் போனால் மீட்கலாம். பழுதானால் எந்த நிலைக்குத் திருப்ப வேண்டும் என்று தெரியும். அப்படி ஒரு குறிப்பை எழுதக் கண்ணையும் கையையும் பழக்கும் படிப்பு கலை வரலாறு. அதனால் நீ தேர்ந்தெடுத்த வழி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பாணிகளின் பெயர்ப் பட்டியலாக அதைப் படித்தால் தேர்வில் மதிப்பெண் வரும். அருங்காட்சியகத்துக்கு அது உதவாது. பொருளிலிருந்து தொடங்கிப் பெயருக்குப் போ.

இந்த முறையை நாம் எங்கிருந்தும் கடன் வாங்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் இராசராசனும் அவன் அக்காள் குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் கொடுத்த செப்புத் திருமேனிகளின் விவரம் வெட்டப்பட்டிருக்கிறது. பாதத்திலிருந்து கேசம் வரை எத்தனை விரல் உயரம், திருக்கைகள் எத்தனை, கனமாக வார்த்ததா, கீழே உள்ள தாமரையின் உயரம் எவ்வளவு, பீடத்தின் நீள அகலம் என்ன, பிரபை உண்டா, கொடுத்தவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். அளவுக்குக் கோயில் முழம். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற எடைக்கல், மணிகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்ற இன்னொரு கல். எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதைக்கூட விடாமல் சொல்கிறார்கள். நல்ல பதிவாளரின் முதல் இலக்கணம் அது. அந்தத் திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. குறிப்பு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்தக் கோயிலில் என்னென்ன இருந்தன என்று இன்று நாம் பேச முடிகிறதென்றால் அந்த வரிகளால்தான். ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவை இருக்கின்றன. வேறெந்தப் பாடநூலையும் வாங்குவதற்கு முன் அதைப் படி.

குறிப்பு எழுதுவது குமாஸ்தா வேலை, அதற்கு முதுகலை எதற்கு என்று யாராவது சொன்னால் சிவபுரம் நடராசர் கதையைச் சொல். 1951-ல் கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள சிவபுரத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த திருமேனி அது. பழுதுபார்க்க 1954-ல் வெளியே போனது; திரும்பிக் கோயிலுக்கு வந்தது அதன் நகல். மூலம் கைமாறிக் கைமாறி வெளிநாட்டுக்குப் போய்விட்டது. கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஐயம் எழவில்லை. முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1965-ல் புத்தகம் எழுதிய பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பேரட், கோயிலில் நிற்பது புதிய நகல் என்று அதில் பதிவு செய்தார். வார்ப்பின் தன்மை, உடலின் கட்டு, அணிகளின் வேலைப்பாடு ஆகியவற்றை வரிசையாக நூற்றுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது பிடிபடும். மூலத்தை அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் வாங்கியது 1973-ல். வழக்கும் உடன்பாடும் முடிந்து 1986-ல் அது திரும்பி வந்தது. இந்த நீண்ட கதையின் தொடக்கத்தில் ஒரு கலை வரலாற்றாளரின் பார்வை இருக்கிறது. அதோடு இன்னொன்றையும் கவனி: பழுதுபார்க்க அனுப்பும் முன் அந்தத் திருமேனியைச் சுற்றிலும் படமெடுத்து, அளந்து, குறைகளைக் குறித்து வைத்திருந்தால், திரும்பி வந்த அன்றே மோசடி தெரிந்திருக்கும்.

ஸ்ரீபுரந்தான் கோயிலுக்கு அப்படி ஒரு பதிவு இருந்தது, அதனால் பலன் கிடைத்தது. அரியலூர் மாவட்டத்து அந்தக் கோயிலின் நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. நம் தொல்பொருள் சட்டம் 1972-ல் வருவதற்கு முன்பே அது நாட்டை விட்டுப் போய்விட்டதாகப் போலி ஆவணங்கள் காட்டப்பட்டன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் கோயில் கோயிலாகப் போய் எடுத்துப் பாதுகாத்த பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது பொய் உடைந்தது. 2014-ல் திருமேனி இந்தியா வந்தது. இரண்டு படங்களை அருகருகே வைத்து, இதுவும் அதுவும் ஒன்றே என்று சொல்ல என்ன வேண்டும் என்று யோசி. எல்லா நடராசரும் தூக்கிய திருவடியோடுதான் ஆடுகிறார். இந்த நடராசரை இவராக ஆக்குவது பிரபையின் ஒரு சுடரில் உள்ள ஒடிவு, வார்க்கும்போது விழுந்த ஒரு குறை, பீடத்து விளிம்பின் ஒரு தேய்வு. பாடநூலில் பாணி என்று படிப்பது எல்லாவற்றுக்கும் பொதுவானது. அருங்காட்சியகத்தில் உன் வேலை அந்தப் பொதுமையைக் கடந்து ஒரே ஒரு பொருளுக்கு உரியதைக் கண்டு எழுதுவது. பொதுமையை அறியாதவருக்குத் தனித்தன்மை கண்ணில் படாது என்பதால்தான் பாணிகளையும் படிக்கச் சொல்கிறேன்.

பாணியை வைத்துக் காலம் சொல்வது ஊகம்தானே, ஒருவர் பத்தாம் நூற்றாண்டு என்பார், இன்னொருவர் பன்னிரண்டு என்பார் என்று உன்னைப் போல அறிவியல் படித்தவர்களுக்குத் தோன்றும். தோன்ற வேண்டும். அதற்குப் பதில் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. திருவெண்காட்டில் மண்ணிலிருந்து எடுத்த ரிஷபவாகன தேவர் அங்கே நிற்கிறார். சாய்ந்து நிற்பதற்கு இருந்த காளை இப்போது இல்லை. ஒரு கால் மற்றதன் முன்னே குறுக்கே வந்திருக்கிறது. சடை தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டியிருக்கிறது. காளையின் மேல் இருக்க வேண்டிய கை வெறும் காற்றின் மேல் தங்கியிருக்கிறது. திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு ஒன்று, இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011-ல், ரிஷபவாகன தேவரை எழுந்தருளுவித்ததைச் சொல்கிறது. அடுத்த ஆண்டு தேவியின் திருமேனியும் வந்திருக்கிறது. கல்வெட்டு சொல்லும் தேவர் இவர்தான் என்று படிமத்தின் மேல் எழுதியிருக்கவில்லை. கிடைத்த இடம், நிற்கும் கோலம், கல்வெட்டின் பெயர் மூன்றும் ஒத்துப்போவதால் அப்படி முடிவு செய்கிறோம். இதுவும் ஊகம்தான், ஆனால் எந்தப் படியில் நின்று ஊகிக்கிறோம் என்பதை வெளியே காட்டும் ஊகம். இப்படிக் காலம் உறுதிப்பட்ட சில திருமேனிகளை வைத்துத்தான் காலம் தெரியாத மற்றவற்றை முன்னும் பின்னும் வரிசைப்படுத்துகிறார்கள். ஆகவே கல்வெட்டு வாசிக்கத் தெரியாமல் சோழர் செப்புத் திருமேனியைப் படிக்கப் புகாதே. தமிழ்க் கல்வெட்டெழுத்தும் கிரந்தமும் ஆறு மாதம் விடாமல் உட்கார்ந்தால் கைக்கு வரும். கல்வெட்டையும் கட்டடத்தையும் சிற்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்துக்குக் குடவாயில் பாலசுப்ரமணியன், இரா. கலைக்கோவன் இருவரின் நூல்களைத் தமிழிலேயே படிக்கலாம்.

வேதியியல் படித்த மூன்று ஆண்டு வீண் என்று வருந்தியிருக்கிறாய். எனக்கு அதில்தான் உன் பலம் தெரிகிறது. வெண்கலத்தில் குளோரைடு புகுந்தால் பச்சைப் பொடி கிளம்பி உள்ளுக்குள் தின்றுகொண்டே போகும். அது காலத்தால் படிந்த களிம்பா, பரவும் நோயா என்று தெரியாதவர் தேய்க்கவும் கூடாது, விடவும் கூடாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே இதற்கென்று வேதியியல் ஆய்வுக்கூடம் இயங்கியது. எஸ். பரமசிவன் அங்கே செப்புப் படிமங்களுக்கு வைத்தியம் பார்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியிலிருந்து 1931-ல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களின் சுண்ணச் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார். ஆனந்த குமாரசாமி இலங்கையில் கனிமவியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தவர். கல்லையும் கனிமத்தையும் தேடிக் கிராமங்களில் அலைந்தவர் கைவினைஞர்களைக் கண்டார், 1908-ல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய நூலை எழுதினார், 1917-லிருந்து பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இந்தியத் தொகுப்பைக் காத்தார். நம் நாட்டில் கலையைப் பற்றிப் பேசியவர்களில் பொருளின் செய்முறையை அறிந்தவர்கள் பேச்சே நிலைத்திருக்கிறது. சுவாமிமலைக்குப் போய்த் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடிப்பதையும், வண்டல் மண் பூசிக் கருக்கட்டுவதையும், மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுவதையும் பார். அதன் பிறகு எந்தப் படிமத்தைப் பார்த்தாலும் எது மெழுகிலேயே செய்தது, எது வார்த்த பின் உளியால் வெட்டியது என்று உன் கண் தேடத் தொடங்கும்.

கலை வரலாற்றுக்குப் பதில் அருங்காட்சியகவியலையே எடுத்துவிடலாமே என்பது அடுத்த ஆலோசனை. பரோடாவில் அந்தத் துறை 1952-லிருந்து இருக்கிறது; டெல்லியில் தொடங்கி இப்போது நொய்டாவில் இயங்கும் இந்திய மரபு நிறுவனத்தில் கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் மூன்றும் தனித்தனிப் படிப்புகள். ஈரப்பதத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது, பொருளை எப்படிக் கட்டி அனுப்புவது, காட்சியை எப்படி அமைப்பது என்பதெல்லாம் தேவையான அறிவு. அவற்றை ஓராண்டுப் பட்டயத்திலும் வேலையிலும் கற்றுவிடலாம். பொருளை அறியும் கண் அப்படி வராது. அதற்கு இளமையில் ஆண்டுக்கணக்கில் பார்த்தாக வேண்டும். அதனால் முதலில் கலை வரலாறு, பிறகு மற்றது.

இனி சோறு. காப்பாட்சியர் பணியிடங்கள் குறைவு. ஓர் அறிவிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆண்டுகள் ஓடலாம். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் தொல்லியல், மானிடவியல், விலங்கியல், வேதியியல் பாதுகாப்பு என்று பிரிவுகள் இருப்பதால் ஒவ்வொரு பணியிடத்துக்கும் எந்தப் பட்டம் வேண்டும் என்று தேர்வாணையம் அறிவிக்கையில் தெளிவாகச் சொல்லும். பட்டச் சான்றிதழில் இருக்கும் பாடப் பெயர் அதோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு படித்தும் விண்ணப்பமே நிற்காது. பழைய அறிவிக்கைகளை எடுத்துப் படித்துவிட்டு, உன் பி.எஸ்சி.யோடு எந்த முதுகலை சேர்ந்தால் அதிகமான கதவுகள் திறக்கும் என்று கணக்குப் பார்த்துச் சேர். அரசுக்கு வெளியே முட்டுக்காடு தட்சிணசித்ரா, பெங்களூரில் 2023-ல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. கோயில்களின் உலோகத் திருமேனிகளைப் பதிவு செய்யும் வேலை மலைபோல் கிடக்கிறது. இருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டு நிலையான சம்பளம் இல்லாமல் போகக்கூடும். அதை அப்பாவிடம் மறைக்காதே. அவர் பயப்படுவதும் அதற்காகத்தான். எத்தனை ஆண்டு பொறுப்பார் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் மறுப்பை உன் பாட்டி எழுப்பியிருக்கிறார்: சாமியைக் கலைப்பொருள் என்று சொல்வது சரியா? பாட்டி கேட்பதை ஒதுக்கிவிடாதே. உற்சவர் வீதியுலா வரும்போது பட்டும் மாலையும் போர்த்தித் திருமுகமும் கைகளும் மட்டுமே தெரியும். அருங்காட்சியகத்தில் அவர் அலங்காரம் ஏதுமின்றி விளக்கொளியில் நிற்கிறார். உலோக உடலின் நெளிவை மட்டும் வியந்து எழுதுபவர், பீடத்திலுள்ள துளைகளும் வளையங்களும் தண்டு கட்டித் தூக்குவதற்கு என்பதையும், மூக்கும் உதடும் மழுங்கியது தலைமுறை தலைமுறையாக நடந்த அபிஷேகத்தால் என்பதையும் தவறவிடுவார். வழிபாட்டை அறியாத கலை வரலாறு அரைகுறை. அதே சமயம் சாமிக்கு அந்தப் படிப்பு உதவியும் இருக்கிறது. பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்துக் கடத்தப்பட்ட நடராசருக்காக லண்டனில் வழக்கு நடந்தபோது, கோயிலுக்கே உரிமை கோரும் தகுதி உண்டென்று நீதிமன்றம் ஏற்றது. அந்தத் திருமேனி அந்த ஊருடையதுதான் என்று காட்ட, அதே இடத்தில் பிறகு கிடைத்த மற்றத் திருமேனிகளோடு பாணியையும் ஒட்டியிருந்த மண்ணையும் ஒப்பிட வேண்டியிருந்தது, இரா. நாகசாமி நிபுணராகச் சாட்சி சொன்னார். 1988-ல் கிடைத்த தீர்ப்பு 1991-ல் மேல்முறையீட்டிலும் நின்று, அந்த ஆண்டே நடராசர் திரும்பினார். பாட்டியிடம் இதைச் சொல்.

சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழும்பூரில் செப்புப் படிமக் கூடத்துக்குப் போய், பெயர்ப்பலகையைப் படிக்காமல், சுற்றிப் பார்க்க வாகாக வைத்திருக்கும் ஏதாவது ஒரு திருமேனி முன் ஒரு முற்பகல் உட்கார். படமெடுக்காமல் பென்சிலால் வரை. பின்பக்கம் போய்ச் சிரசக்கரம், பூணூல் இறங்கும் விதம், முதுகில் ஆடை முடிச்சு ஆகியவற்றைக் குறித்துக்கொள். முன்பக்கத்துக்கு உழைத்த அளவு பின்பக்கத்துக்கும் சிற்பி உழைத்திருக்கிறாரா என்று பார். கை எத்தனை, எதில் என்ன, பீடத்தில் துளை உண்டா, எங்கே தேய்ந்திருக்கிறது என்று ஒரு பக்கம் எழுது. பிறகு பெயர்ப்பலகையைப் படித்து, நீ எழுதியதில் எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை, பலகை எதைச் சொல்லாமல் விட்டது என்று இன்னொரு பக்கம் எழுது. 1932-ல் கிரேவ்லியும் டி.என். இராமச்சந்திரனும் அந்தத் தொகுப்புக்குச் செய்த விவர அட்டவணையில் அதே திருமேனி இருந்தால் அவர்கள் எழுதியதோடும் ஒப்பிடு. இரண்டு பக்கத்தையும் எனக்குத் தபாலில் அனுப்பு; ஓரத்தில் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா