கல்லில் ஒரு காட்சிப் பாடம்

முன்னுரை

செய்தியைக் கண்வழியே உணர்த்தும் முறையைக் காட்சிவழித் தொடர்பு என்கிறோம். படம், எழுத்தமைப்பு, விளக்கப்படம் ஆகிய மூன்றும் அதன் கருவிகள். இவற்றின் இலக்கணத்தை மேலைநாட்டு நூல்களில் மட்டுமே தேடவேண்டுவதில்லை. நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களின் நடுகற்களே அதனைக் கற்பிக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டு, அவற்றை அறிஞருலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது.

படமும் எழுத்தும்

எடத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுக்கப்பட்டது. வீரனோடு ஒரு நாயும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைத் தனியே ஒரு தொடர் தெரிவிக்கிறது.

ஈண்டு இரண்டு உண்மைகளை நோக்குதல் வேண்டும். அக்கல்லின் வட்டெழுத்தை இன்று பயின்றோரே படிக்க இயலும். படமோ எழுத்தறியாச் சிறுவனுக்கும் வீரனையும் நாயையும் காட்டுகிறது. ஆனால் நாயின் பெயரையும் அது செய்த செயலையும் எழுத்தன்றி வேறெதுவும் உரைக்காது. இவ்வட்டாரத்தில் மக்கள் வேடியப்பன் எனப் போற்றிப் பாதுகாத்துவரும் நடுகற்கள் பல. அவற்றுள் எழுத்தில்லாத கற்களில் வில்லேந்தி நிற்போரின் இயற்பெயரை அறிய நமக்கு வழியில்லை. வீரம் நிலைத்தது, பெயர் மறைந்தது.

அட்டவணையும் விளக்கப்படமும்

செங்கம் நடுகல் வாசகங்கள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் அமைந்தவை. அரசன், ஆட்சியாண்டு, தலைவன், வீரன், மாண்ட காரணம் எனச் செய்திகள் தொடரும். இவ்வைந்தையும் ஐந்து பத்திகளாக வகுத்தால் அட்டவணை தோன்றும். ஆநிரை கவர்தல், ஆநிரை மீட்டல், ஊர்காத்தல் எனக் காரணங்களை எண்ணிப் பட்டைகளாக வரைந்தால், எது மிகுதி என்பது ஒரே பார்வையில் புலனாகும். ஸ்காட்லாந்து அறிஞர் வில்லியம் பிளேஃபேர் 1786ஆம் ஆண்டில் தம் நாட்டு வணிகத்தைப் பட்டைகளால் விளக்கியதும் இந்நோக்கம் பற்றியே. காலப்போக்கைக் காட்ட ஏறியிறங்கும் கோடு ஏற்றது. ஒரே காலத்துப் பொருள்களை ஒப்பிடப் பட்டை ஏற்றது. பட்டையின் அளவு சுழியிலிருந்து தொடங்குதல் வேண்டும். இன்றேல் சிறு வேறுபாடும் பெரிதாகத் தோன்றிக் காண்பாரை மயக்கும்.

முடிவுரை

வகுப்பிற்கெனவோ கண்காட்சிக்கெனவோ விளக்கப்படம் வரையும் மாணவர்கள், வண்ணத்தில் காட்டும் கருத்தைத் தலைப்பு, ஆண்டு, அலகு, செய்தி கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதுவதிலும் காட்டுதல் வேண்டும். கண்ணை ஈர்ப்பது படம்; உண்மையைக் காப்பது எழுத்து. ஒரு காவல்நாயின் பெயரையும் விடாது பொறித்த கைகளிடமிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.