எதை அடிப்பது, எதை விடுவது?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். வீழ்படிவு வினைகளுக்கு முழுச் சமன்பாடு எழுதிவிடுவேன். நிகர அயனிச் சமன்பாடு என்றால் எதை அடிப்பது என்று குழம்புகிறேன்.

பதில்: அடிக்கும் வேலை கடைசியில்தான். முதலில் எதைப் பிரிக்கலாம் என்று பாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. நீரில் கரையும் உப்பு, வலிமைமிகு அமிலம், வலிமைமிகு காரம் ஆகியவற்றை அயனிகளாகப் பிரித்து எழுதலாம். வீழ்படிவைப் பிரிக்கவே கூடாது. அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்தவையும் முழு மூலக்கூறாகவே நிற்கும்.

சில்வர் நைட்ரேட் கரைசலில் உப்புக் கரைசலை ஊற்றினால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வரும். சோடியமும் நைட்ரேட்டும் வினைக்கு முன்னும் பின்னும் கரைசலில் தனித்தனி அயனிகளே. அவற்றை அடித்துவிடுங்கள். ஒரு சில்வர் அயனியும் ஒரு குளோரைடு அயனியும் சேர்ந்து திண்ம சில்வர் குளோரைடு ஆகிறது என்பதே மிச்சம். உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு ஊற்றினாலும் இதே சமன்பாடுதான். இப்படி எழுதுவதன் பயனே அதுதான்.

மஞ்சள் நிற லெட் அயோடைடில் இன்னொரு வழுக்கல் உண்டு. சேர்மத்தில் கீழே நிற்கும் 2, இடப்பக்கத்தில் அயோடைடு அயனிக்கு முன்னால் வர வேண்டும். இடப்பக்க மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள்: +2, −2, மொத்தம் 0. வலப்பக்கமும் 0.

அடிக்க ஒன்றுமே இல்லாத வினையும் உண்டு. காப்பர் சல்பேட்டுடன் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்தால் பேரியம் சல்பேட், காப்பர் ஹைட்ராக்சைடு இரண்டுமே வீழ்படிவாகிவிடும். அங்கே நான்கு அயனிகளையும் எழுதத்தான் வேண்டும்.