தொட்டிக்குள் எந்தப் பவளம், கையில் எந்த உறை?

அழுக்கு எதுவானாலும் வெந்நீர் ஊற்றினால் போய்விடும் என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பாடம். உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர் அந்தப் பாடத்தை மறந்துதான் ஆக வேண்டும். 2007இல் அமெரிக்காவில் ஒருவர், தன் தொட்டிக் கல்லில் வேண்டாமல் பரவிய பழுப்புப் பாலிப்புகளை ஒழிக்கக் கொதிநீர் ஊற்றினார். எழும்பிய ஆவியைச் சுவாசித்ததில் நெஞ்சு பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போனார். கல்லில் இருந்தது பாலித்தோவா என்னும் பவள வகை. அதிலுள்ள பாலிடாக்சின் கொதிக்க வைத்தாலும் சாகாத நஞ்சு. ஆவியோடு கலந்து அறை முழுக்கப் பரவும்.

ஹவாய்த் தீவுகளின் ஹானா கரையில் பழங்குடியினர் ஈட்டி முனையில் பூசியதாகச் சொல்லப்படும் நஞ்சும் இதுதான். 1971இல் மூர், ஷ்யூவர் என்ற வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. பாலிடாக்சின் அதில் போய் ஒட்டிக்கொண்டு, மூட முடியாத கதவாக அதை மாற்றிவிடுகிறது. தசை, இதயம், நுரையீரல் எல்லாம் ஒருசேரத் தடுமாறுவது அதனால்தான். மாற்று மருந்து கிடையாது.

அந்தமான் தலைநகரின் அபர்டீன் பஜாரைச் சுற்றி வீடுகள் நெருக்கமானவை. மழைக்காலத்தில் சன்னலைச் சாத்தி, ஏசி போட்ட ஒரே அறையில் தொட்டி, கட்டில், குழந்தை எல்லாம் இருக்கும். ஆகவே எந்தப் பவளம் அழகு என்று கேட்பதற்கு முன், இந்த அறைக்குள் எதை விடலாம் என்று கேட்க வேண்டும்.

முதலில், கரையிலிருந்து எடுத்து வருவதா, கடையில் வாங்குவதா? இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கல் பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், கடல்விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மீறினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. இறந்து கரை ஒதுங்கிய துண்டுக்கும் விலக்கில்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கடலிலிருந்து தூக்கி வரும் கல்லின் மடிப்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாலித்தோவா, அதன் உறவான ஜோவாந்தஸ் இரண்டுமே அந்தமான் கடலில் வாழ்பவை. 1998, 2010, 2016 பவள வெளிறல்களையும் 2004 சுனாமியையும் தாங்கி நிற்கும் பாறைகளிலிருந்து ஒரு கைப்பிடிகூட நாம் எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது, கடையில் எதை வாங்குவது. சென்னை கொளத்தூரிலிருந்து விமானத்தில் பார்சல் வரவழைப்பவர் முன்னால் பெரும்பாலும் சாஃப்ட் கோரல் என்ற பெயரில் மூன்று வகை இருக்கும்: காளான் பவளம் என்கிற டிஸ்கோசோமா, ஜோவாந்தஸ், பாலித்தோவா. வாஷிங்டன் வட்டாரத்தில் மூன்று மீன்தொட்டிக் கடைகளில் வாங்கிய மாதிரிகளைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வு, இந்தத் தேர்வுக்கு நேரடியாக உதவுகிறது. அதில் ஒரு பாலித்தோவா வகையில் கிராமுக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. மைக்ரோகிராம் கணக்கில் உயிரெடுக்கும் பொருளுக்கு இது பயங்கரமான அளவு. ஜோவாந்தஸ் மாதிரிகளிலோ கண்டறியும் அளவுக்கு நஞ்சு இல்லை.

அப்படியானால் ஜோவாந்தஸ் வாங்கலாமே? வாங்கலாம், ஆனால் நம்பி வெறுங்கையோடு தொடக்கூடாது. பாலித்தோவா பொதுவாகப் பருமனாக, மங்கிய பழுப்பாக இருக்கும். மணல் துகளைத் தன் சதைக்குள் சேர்த்துக்கொள்வதால் அடிப்பகுதி சொரசொரப்பாகத் தெரியும். ஜோவாந்தஸ் மெலிந்தது, மணல் சேர்க்காதது, நிறம் பளிச்சென்றிருக்கும். ஆனால் இரண்டும் ஒரே கல்லில் கலந்து வரும். கடைக்காரர் இரண்டையும் ‘ஜோவா’ என்றே விற்கக்கூடும். படத்தைப் பார்த்து இனம் பிரிப்பது ஆய்வாளர்களுக்கே கடினம். சிறு குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருக்கும் வீட்டில் நான் காளான் பவளத்தைத்தான் சொல்வேன். குறைந்த வெளிச்சம் போதும், புதியவர் கைக்கும் அடங்கும். பாலித்தோவா என்று தெரிந்து வாங்குவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தோன்றவில்லை.

ஏற்கெனவே தொட்டியில் இருந்தால்? பலர் தவறுவது இங்கேதான். கல்லை வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பது, வெயிலில் காயவிட்டுச் சுரண்டுவது, வெந்நீர் ஊற்றுவது எல்லாமே நஞ்சைக் காற்றில் ஏற்றும் வழிகள். காய்ந்தாலும் அது கெடுவதில்லை. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டிக் கல்லை வெளியே எடுத்துச் சுத்தம் செய்தார்கள்; வீட்டார் மட்டுமல்ல, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போனார்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்து வெட்டுவது இவற்றைவிட மேல். எல்லாவற்றையும்விட மேலானது, அந்தக் கல்லை முழுசாக இழந்துவிடத் துணிவது. தண்ணீருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஏற்றி, மூடி, மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் மூழ்க வைக்க வேண்டும். ப்ளீச் இந்த நஞ்சைச் செயலிழக்கச் செய்யும்.

ப்ளீச்சிங் பவுடரா, திரவமா? தீவின் ஈரக்காற்றில் திறந்து வைத்த பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். தயாரித்த தேதி பார்த்து வாங்கிய திரவமே நல்லது. கழிப்பறை ஆசிட்டை அதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

கையுறையில் மருந்துக்கடை நைட்ரைல் மெல்லியது, கல்லின் விளிம்பு கிழித்துவிடும். பாத்திரம் கழுவும் நீள ரப்பர் உறை எளிதில் கிழியாது, ஆனால் விரல் அசைவு மந்தம். உள்ளே நைட்ரைல், வெளியே ரப்பர் என்று இரண்டையும் போடுங்கள். இரண்டுமே பஜாரில் சில நூறு ரூபாய்க்குள் முடியும். சிறு காயமிருந்தால் அன்று தொட்டியில் கை வைக்க வேண்டாம். மூக்குக் கண்ணாடி போதாது. நசுக்கிய பாலிப் கண்ணை நோக்கி நீரைப் பீய்ச்சும், அது விழிவெண்படலத்தையே புண்ணாக்கும். ஹார்டுவேர் கடையில் கிரைண்டிங்குக்கு விற்கும், பக்கமெல்லாம் மூடிய கண்ணாடி வாங்குங்கள். கூடவே ஒரு என்95 முகக்கவசம். பார்சல் பை தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வேலை முடிந்தபின் ஒரு வாரத்துக்கு வடிகட்டியில் புதிய கார்பன் ஓடட்டும். நீரில் கலந்த நஞ்சை அது இழுக்கும்.

வாயில் உலோகக் கசப்பு, நடுக்கம், காய்ச்சல், தசைவலி, இருமல், விரல் மரத்துப்போதல் இவற்றில் எது வந்தாலும் வீட்டிலுள்ள எல்லோரும் உடனே வெளியேற வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். அட்லாண்டா பாயிண்டிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனை பஜாரிலிருந்து பக்கம்தான். வைரல் காய்ச்சல் என்று நினைத்துவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், ‘பாலிடாக்சின், மீன்தொட்டிப் பவளம்’ என்று ஒரு சீட்டில் எழுதி இன்றைக்கே தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். போகும்போது அதைப் பிய்த்து எடுத்துப்போய் மருத்துவர் கையில் கொடுக்கலாம்.